'எதிர்க்கும்' என்னும் சொல்: வேதிச் சமநிலை விதியின் தமிழ் வாசகம் பற்றி ஓர் ஆய்வு

வேதியியல் படித்தவர் எவரும் எளிதில் மறவாத வாசகம் ஒன்று உண்டு. சமநிலையில் இருக்கும் ஓர் அமைப்பின்மீது மாற்றம் எதையேனும் சுமத்தினால், அந்த மாற்றத்தை எதிர்க்கும் திசையில் சமநிலை நகரும் என்பதே அது. லெ ஷாதெலியே என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயரால் வழங்கும் இவ்விதியைத் தமிழில் எழுதியோர் 'எதிர்க்கும்' என்பர். சிலர் 'ஈடுசெய்யும்' என்பர். இன்னும் சிலர் துணிந்து 'முறியடிக்கும்' என்றே எழுதிவிடுவர். மாணவர் மனப்பாடம் செய்கின்றனர், தேர்வில் எழுதுகின்றனர், மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆனால் இவ்வாசகத்தை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் நுழைந்தால், சில இடங்களில் அது சரியான விடை தரும். சில இடங்களில் இரண்டு விடை தரும். ஓரிடத்தில் நேர்மாறான விடையையே தந்துவிடும். பிழை விதியிலா, வாசகத்திலா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நம் நாட்டுத் தமிழ்ப் பள்ளிகளில் அறிவியல் தொடக்கநிலை வரையில்தான் தமிழில் கற்பிக்கப்படுகிறது. வேதிச் சமநிலையோ மேல்வகுப்புப் பாடம். ஆகவே இதைத் தமிழில் அறிய விரும்பும் நம் மாணவன் தமிழ்நாட்டு நூலையோ இலங்கை நூலையோதான் நாடவேண்டும். அங்கே அவன் முதலில் சந்திப்பது வேதிப்பொருளை அன்று, சொல்லை. சொல் அவனை எங்கே இட்டுச் செல்கிறது என்று பார்க்கும் கடமை தமிழ் கற்பிப்போருக்கும் உண்டு என்பதே என் கருத்து.

முதலில் 'சமநிலை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழனுக்குச் சமம் என்றதும் துலாக்கோல் நினைவுக்கு வரும். குறளில் நடுவுநிலைமையைப் பேசும் அதிகாரத்தில் சான்றோருக்கு உவமையாக நிற்பதும் அக்கோலே. இரு தட்டிலும் ஒத்த எடை, முள் நடுவில், அசைவில்லை. இப்படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வேதியியலுக்கு வரும் மாணவன் இரண்டு தவறுகளை உடன்கொண்டு வருகிறான். வினைபடு பொருளும் விளைபொருளும் சம அளவில் இருக்கும் என்பது ஒன்று. எல்லாம் நின்றுவிட்டது என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. வேதிச் சமநிலையில் சமமாய் இருப்பவை இரு வேகங்கள் மட்டுமே. முன்னோக்கிய வினை எவ்வளவு விரைவாக நடக்கிறதோ அவ்வளவு விரைவாகப் பின்னோக்கிய வினையும் நடக்கிறது. பொருள்களின் அளவோ ஒரு புறம் நூற்றுக்கு ஒன்றாகவும் மறு புறம் தொண்ணூற்றொன்பதாகவும் இருக்கலாம், அதுவும் சமநிலைதான்.

ஒரு புகைவண்டி நிலையத்தில் வருவோர் தொகையும் போவோர் தொகையும் ஒத்திருந்தால் மேடையில் நிற்போர் எண்ணிக்கை மாறாது. ஆனால் நிற்பவர் ஒரே ஆட்கள் அல்லர். இவ்வளவுதான் செய்தி. 'இயங்குச் சமநிலை' என்று அடைமொழி சேர்த்து நூலாசிரியர்கள் இதை உணர்த்த முயல்வது பாராட்டத்தக்கது. ஆயினும் அந்த அடைமொழி முதல் பக்கத்தில் ஒருமுறை தோன்றிப் பின்னர் மறைந்துபோகிறது. துலாக்கோல் மட்டும் நிலைத்துவிடுகிறது.

வினை திரும்பியும் நடக்கக்கூடும் என்ற எண்ணமே வேதியியலுக்கு எளிதில் வந்ததன்று. நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்ற பெர்த்தொலே என்ற வேதியியலறிஞர், 1798, 1799ஆம் ஆண்டுகளில் அங்குள்ள உப்பேரிகளைக் கண்டார். கரையோரத்தில் சோடியம் கார்பனேட்டு படிந்துகிடந்தது. அவருடைய ஆய்வுக்கூட அறிவின்படி சோடியம் கார்பனேட்டும் கால்சியம் குளோரைடும் சேர்ந்தால் சுண்ணாம்புக் கல்லும் சமையலுப்பும் கிடைக்கும். இங்கோ சுண்ணாம்புக் கல்லும் உப்பும் சேர்ந்து கார்பனேட்டைத் தந்துகொண்டிருந்தன. ஏரியில் உப்பு மிகுதியாக இருப்பதுதான் வினையைத் திருப்பிவிட்டது என்று அவர் உணர்ந்தார். பொருளின் இயல்பு மட்டுமன்றி அதன் அளவும் வினையின் திசையை முடிவுசெய்கிறது என்ற கருத்து இவ்வாறு பிறந்தது. நார்வே நாட்டு மைத்துனர் இருவர், குல்பர்க்கும் வாகேயும், 1864இல் அதற்குக் கணித வடிவம் தந்தனர். வாண்ட் ஹாஃப் 1884இல் வெப்பநிலையின் பங்கை வரையறுத்தார். அதே ஆண்டில் லெ ஷாதெலியே, வாண்ட் ஹாஃப் கூறியதை அழுத்தத்துக்கும் விரித்துத் தம் விதியை வெளியிட்டார். 1888இல் அதை இன்னும் சுருக்கமாகத் திருப்பி எழுதினார். இன்று நம் நூல்களில் வழங்குவது பெரும்பாலும் அந்தச் சுருக்கத்தின் வழிவந்ததே. சுருக்கியதில்தான் கேடு புகுந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அவர் சுரங்கப் பொறியாளர். ஏட்டுச் சுவைக்காக இதை எழுதியவர் அல்லர். இரும்புருக்கும் ஊதுலைகளிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு பெருமளவில் வீணாக வெளியேறுவதைக் கண்ட ஆங்கில நாட்டு உலைக்காரர்கள், வாயுவும் தாதுவும் சேர்ந்திருக்கும் நேரம் போதவில்லை என்று கருதி, உலைகளை மேலும் மேலும் உயர்த்திக் கட்டினர். பணம் கரைந்தது, வாயு குறையவில்லை. நேரம் போதாமையன்று காரணம். அந்த வினையே ஓரளவுக்குமேல் செல்லாமல் சமநிலையில் நின்றுவிடுகிறது. சமநிலை விதிகளை அறிந்திருந்தால் அவ்வளவு செங்கல்லும் கூலியும் மிஞ்சியிருக்கும் என்று லெ ஷாதெலியே எடுத்துக்காட்டினார். இவ்வளவு நடைமுறைப் பயனுள்ள விதியை நாம் ஒரு பழமொழியைப் போல ஆக்கிவிட்டோமே என்பதுதான் என் குறை.

இனி வாசகத்துக்கு வருவோம். 'மாற்றத்தை எதிர்க்கும்' என்கிறோம். எந்த மாற்றத்தை?

நைட்ரஜன் டையாக்சைடு செம்பழுப்பு நிறமுள்ள வாயு. அதன் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகக் கூடி நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடு ஆகின்றன. அவை மீண்டும் பிரிகின்றன. இக்கலவையை ஒரு கண்ணாடி ஊசிக்குழலில் அடைத்து, வாயை மூடி, தண்டை அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். (நச்சு வாயு, பள்ளி அறையில் விளையாட்டாகச் செய்யத் தக்கதன்று.) அழுத்தியவுடன் நிறம் கருக்கிறது. பிறகு சற்றே வெளிறுகிறது. 'பார்த்தீர்களா, அழுத்தத்தை எதிர்த்துப் பழுப்பு வாயு குறைந்தது' என்று ஆசிரியர் விளக்குவார். ஆனால் கூர்ந்த மாணவன் ஒருவன், வெளிறிய பின்னும் முதலில் இருந்ததைவிடக் கருமையாகத்தானே இருக்கிறது என்பான். அவன் சொல்வதும் உண்மை. குழலைப் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் முன்னிலும் கருமை. நீளவாக்கில் பார்த்தால் முன்னிலும் வெளிறல். ஏனெனில் பக்கவாட்டில் நாம் காண்பது செறிவை. நீளவாக்கில் காண்பது மொத்த அளவை. பழுப்பு வாயுவின் மொத்த அளவு குறைந்தது, செறிவு கூடியது. 'எதிர்க்கும்' என்ற சொல்லுக்கு இவ்விரண்டையும் பிரித்துக்காட்டும் ஆற்றல் இல்லை. 'முறியடிக்கும்' என்று எழுதியவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இங்கே எதுவும் முறியடிக்கப்படவில்லை; மாற்றத்தின் ஒரு சிறு பகுதி தணிந்தது, அவ்வளவே.

இதே குழலைக்கொண்டு இன்னும் ஆழமான குறையைக் காட்டலாம். வியன்னாவில் பிறந்த இயற்பியலறிஞர் பால் எரன்ஃபெஸ்ட் 1911இல் எழுப்பிய கண்டனம் அது. 25 பாகை வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் இக்கலவை இருக்கட்டும். முதலில் கொள்ளளவைச் சரிபாதியாக்குவோம். வினை ஏதும் நடவாத சாதாரண வாயுவானால் அழுத்தம் 2 ஆகும். இங்கே மூலக்கூறுகள் கூடிக்கொள்வதால் ஏறத்தாழ 1.91 ஆகிறது. நல்லது, அமைப்பு 'எதிர்த்தது' என்று கொள்வோம். இப்போது மறுவழியில் வருவோம். கொள்ளளவை விட்டுவிட்டு, அழுத்தத்தை இரட்டிப்பாக்குவோம். சாதாரண வாயுவானால் கொள்ளளவு சரிபாதியாகும். இங்கேயோ மூலக்கூறுகள் கூடிக்கொள்வதால் பாதிக்கும் கீழே, ஏறத்தாழ 0.48 பங்காகச் சுருங்குகிறது. தண்டை நாம் தள்ளினோம். அது நாம் எண்ணியதைவிட அதிகமாகவே உள்ளே போயிற்று. இதற்குப் பெயர் எதிர்ப்பா, இணக்கமா? வாயு ஒன்று, வினை ஒன்று, நகர்ந்த திசையும் ஒன்று. ஆனால் கொள்ளளவின் பக்கம் நின்று பார்த்தால் எதிரி. அழுத்தத்தின் பக்கம் நின்று பார்த்தால் நண்பன்.

ஆகவே எதனை நாம் மாற்றுகிறோம், எதனை மாறாமல் பிடித்துக்கொள்கிறோம், எதனை அளந்து பார்க்கிறோம் என்ற மூன்றையும் சொல்லாமல் 'மாற்றம்' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடும் வாசகம் விதியாகாது. விடை தெரிந்தவனுக்கு அது பொருந்துவதுபோல் தோன்றும். விடை தெரியாதவனுக்கு உதவாது. சோதிடத்துக்கும் இதே இலக்கணம்தான் என்று சொன்னால் நண்பர்கள் கோபிப்பார்கள்.

நேர்மாறான விடை தரும் இடம் ஒன்று உண்டு என்றேனே, அதையும் காட்டிவிடுகிறேன். அமோனியா ஆக்கும் வினையை அறியாதார் இல்லை: நைட்ரஜன் ஒரு பங்கும் ஹைட்ரஜன் மூன்று பங்கும் கூடி அமோனியா இரண்டு பங்கு ஆகும். ஒரு கலத்தில் நைட்ரஜன் 6 பங்கு, ஹைட்ரஜன் 2 பங்கு, அமோனியா 2 பங்கு சமநிலையில் இருப்பதாகக் கொள்வோம். மேலும் 4 பங்கு நைட்ரஜன் சேர்க்கிறோம். என்ன நடக்கும்? வாசகத்தை மனப்பாடம் செய்தவன் தயங்காமல் விடை சொல்வான்: நைட்ரஜனைக் கூட்டினோம், அதை எதிர்க்க அமைப்பு நைட்ரஜனைச் செலவழிக்கும், அமோனியா பெருகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமோனியாச் செறிவின் இருமடியை, நைட்ரஜன் செறிவாலும் ஹைட்ரஜன் செறிவின் மும்மடியாலும் வகுத்தால் கிடைப்பது குறித்த வெப்பநிலையில் மாறாத ஓர் எண். அதுவே சமநிலை மாறிலி. கொள்ளளவை 10 என்று வைத்தால் நம் கலவைக்கு அது 8.33. இப்போது கலத்தின் கொள்ளளவு மாறாதவாறு நைட்ரஜனைச் சேர்த்தால் அந்த விகிதம் 5 ஆகக் குறைகிறது, மீண்டும் 8.33க்கு உயர அமோனியா பெருகவேண்டும். இங்கே மனப்பாடம் வென்றது. ஆனால் அழுத்தம் மாறாதவாறு, தண்டு தானே நகர இடங்கொடுத்துச் சேர்த்தால்? மொத்தம் 10 பங்காக இருந்தது 14 ஆகிறது. கொள்ளளவும் 14 ஆகிறது. அதே கணக்கு இப்போது 9.8 என்ற எண்ணைத் தருகிறது. மாறிலியைவிட இது மிகுதி. எனவே அமோனியா சிதையவேண்டும். சிதைந்து, ஏற்கெனவே மிகுந்திருக்கும் நைட்ரஜனுடன் இன்னும் சிறிது நைட்ரஜனைச் சேர்க்கவேண்டும். எதிர்க்க வேண்டிய அமைப்பு எரிகிற தீயில் எண்ணெய் வார்க்கிறது!

இதில் மாயம் ஒன்றுமில்லை. கொள்ளளவு விரிந்ததால் ஹைட்ரஜனின் செறிவும் குறைந்தது. வினையில் ஹைட்ரஜனின் பங்கு மும்மடியாக வருவதால் அந்தக் குறைவு மற்றதை விஞ்சிவிட்டது. கலவையில் நைட்ரஜன் பாதிக்குமேல் இருக்கும்போதெல்லாம் இவ்வாறு நேரும் என்பதைச் சிறிது கணிதம் அறிந்தவர் தாமே நிறுவிக்கொள்ளலாம். பல்கலைக்கழக அளவில் இது பல்லாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. இருந்தும் பள்ளி நூலின் வாசகம் அசையவில்லை.

வினையில் சேராத வாயுவைச் சேர்ப்பதிலும் இதே குழப்பம். ஆர்கானைக் கலத்தில் செலுத்தினால் 'அழுத்தம்' கூடுகிறதே, சமநிலை நகருமா என்று மாணவன் கேட்பான். கொள்ளளவு மாறாவிடில் நகராது. அழுத்தம் மாறாவிடில் மூலக்கூறு மிகுந்த பக்கம் நகரும். இதைப் பல நூல்கள் தனி விதிபோல் எழுதி மனப்பாடச் சுமையைக் கூட்டுகின்றன. தனி விதி எதற்கு? செறிவுகள் மாறினவா என்று ஒரு கேள்வி கேட்டால் போதுமே.

வெப்பநிலையின் செய்தி வேறு வகையானது. அதைத் தனியே நிறுத்திக் கற்பிக்காதது நம் நூல்களின் மற்றொரு குறை. செறிவையும் கொள்ளளவையும் மாற்றும்போது நாம் மாறிலியைத் தொடுவதில்லை. அந்நேரத்து விகிதத்தைத்தான் கலைக்கிறோம். அமைப்பு பழைய எண்ணுக்கே திரும்புகிறது. வெப்பநிலையை மாற்றும்போதோ திரும்பவேண்டிய எண்ணே மாறிவிடுகிறது. முன்னது வழிதவறியவன் வீடு திரும்புவது. பின்னது வீட்டையே இடம் மாற்றுவது. இரண்டையும் 'மாற்றத்தை எதிர்த்தல்' என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடுவது சரியாகுமா?

அமோனியா வினை வெப்பம் உமிழ்வது. சூடேற்றினால் இரு திசை வேகமும் கூடும். ஆனால் சிதையும் வினைக்குத் தாண்டவேண்டிய ஆற்றல் மேடு பெரிதாதலால் அதன் வேகமே அதிகமாகக் கூடும். ஆகவே அமோனியா குறையும். இப்படிச் சொன்னால் மாணவனுக்குக் காரணம் கிடைக்கிறது. 'வெப்பத்தை எதிர்க்கிறது' என்றால் அவனுக்குக் கிடைப்பது ஒரு சொல்.

ஆனால் சூடேற்றாமலும் இருக்க முடியாது. குளிர்ந்த நிலையில் மாறிலி நமக்குச் சாதகம்; வேகமோ அறவே இல்லை. 500 பாகை செல்சியசில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், சமநிலைக் கலவையில் அமோனியா ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அழுத்தத்தை 100 மடங்காக்கினால் நூற்றுக்குச் சுமார் 10. 300 மடங்காக்கினால் சுமார் 26. இவ்வளவு கொடிய அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கும் எஃகுக் கலம் செய்யவேண்டும். குறைந்த வெப்பத்திலேயே வினையை விரைவுபடுத்தும் துணைப்பொருளும் வேண்டும். ஃபிரிட்ஸ் ஹாபர் 1909ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆஸ்மியத்தைத் துணைப்பொருளாக வைத்து அமோனியா சொட்டுவதைக் காட்டினார். அதைக் காணச் சென்றவருள் கார்ல் பாஷும் ஆல்வின் மிட்டாஷும் இருந்தனர். மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து இரும்பில் சிறிதளவு அலுமினாவும் பொட்டாசும் கலந்த துணைப்பொருளைக் கண்டார். 1913இல் ஓப்பாவில் பாஷின் ஆலை இயங்கத் தொடங்கியது. ரப்பர்த் தோட்டத்தில் பால் கட்டிவிடாமலிருக்கச் சேர்க்கும் அமோனியாவின் நெடியை நம் வாசகர் பலர் அறிவர். அந்த நெடிக்குப் பின்னே இவ்வளவு கதை இருக்கிறது.

இக்கதையில் லெ ஷாதெலியேக்கும் ஒரு துயரப் பங்கு உண்டு. ஹாபருக்குச் சில ஆண்டுகள் முன்பே, 1901இல், அழுத்தத்தைக் கூட்டினால் அமோனியா பெருகும் என்பதைத் தம் விதியிலிருந்து அறிந்து அவரே முயன்றார். கருவியில் காற்று கலந்திருந்தமையால் வெடிப்பு நேர்ந்தது. உதவியாளர் உயிர் தப்பியதே அரிது. அவர் அம்முயற்சியைக் கைவிட்டார். தம் அறிவியல் வாழ்வில் செய்த பெரும் தவறு அதுவே என்று பிற்காலத்தில் தாமே வருந்தினார். விதியைக் கண்டவருக்கே விதி திசையைத்தான் காட்டியது. எவ்வளவு, எவ்வளவு விரைவில் என்பவற்றைக் காட்டவில்லை. அவற்றுக்கு அளவீடும் உலோகமும் பொறுமையும் வேண்டியிருந்தன.

துணைப்பொருள் என்றேனே, அதற்கு நம் நூல்களில் இரு பெயர்கள் உள்ளன. 'வினையூக்கி' அல்லது வெறும் 'ஊக்கி' என்பது ஒன்று. 'வினைவேக மாற்றி' என்பது மற்றொன்று. பின்னது நீளம், நாவுக்கு இடறல். ஆயினும் அதுவே நல்ல சொல் என்பேன். அப்பொருள் இரு திசை வேகத்தையும் ஒரே மடங்கில் மாற்றுகிறது. சமநிலைக்கு விரைவில் கொண்டுசேர்க்கிறது. சமநிலையின் இடத்தை அணுவளவும் மாற்றுவதில்லை. 'ஊக்கி' என்ற சொல்லைக் கற்ற மாணவன், ஊக்கினால் விளைச்சல் பெருகுமல்லவா என்று எண்ணுவது இயற்கை. 'வேக மாற்றி' என்று படித்தவனுக்கு அந்த ஐயம் எழாது. பெயரே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது.

தமிழ்நாட்டில் 'வினை' என்பதை இலங்கையில் 'தாக்கம்' என்பர். 'மீளும் தாக்கம்', 'புறவெப்பத் தாக்கம்' என்றெல்லாம் இலங்கை நூல்களில் காணலாம். அங்கே நெடுங்காலமாக மேல்வகுப்பு வரையில் தமிழிலேயே அறிவியல் கற்பித்து வருவதால் அவர்கள் சொற்கள் பழகி மெருகேறியவை. நாம் குறைகூற உரிமையுடையோம் அல்லோம். எனினும் 'தாக்கம்' என்பதும் 'எதிர்க்கும்' என்பதும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்துவிட்டால் வேதியியல் பாடம் போர்க்களமாகிவிடுகிறது. தாக்குகிறான், எதிர்க்கிறான், முறியடிக்கிறான்! மூலக்கூறுகளுக்குப் பகையும் இல்லை, மானமும் இல்லை. அவை மோதுகின்றன, சில கூடுகின்றன, சில பிரிகின்றன. அறிஞர் பெயரைக்கூட ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுகின்றனர். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'லீ சாட்லியர்' என்று எழுதுவதே பெருவழக்கு. பிரெஞ்சு ஒலிப்பைத் தழுவி நான் இங்கு எழுதியுள்ளேன். இதில் பிடிவாதம் இல்லை.

இந்த விதியை மேடையிலும் கேட்டிருக்கிறேன். சமுதாயமும் ஒரு சமநிலை. மாற்றம் வந்தால் அது எதிர்க்கத்தான் செய்யும். இதை அறிவியலே நிறுவிவிட்டது என்று ஒரு பேச்சாளர் முழங்கினார். கைதட்டலும் கிடைத்தது. பொருளியலில் பால் சாமுவேல்சன் 1947இல் வெளியிட்ட தம் நூலில் லெ ஷாதெலியேயின் பெயரைத் துணைக்கு அழைத்தது உண்மை. ஆனால் அவர் எதை மாறாமல் வைக்கிறோம் என்பதைக் கணிதத்தால் வரையறுத்தபின் அழைத்தார். மேடைப் பேச்சாளர் வரையறுத்தது ஒன்றுமில்லை. சீர்திருத்தத்தை எதிர்ப்போருக்கு இயற்கையின் சான்றிதழை எழுதிக்கொடுக்கும் வேலையை நைட்ரஜனும் ஹைட்ரஜனும் ஏற்கவில்லை. 'எதிர்க்கும்' என்ற ஒரு சொல் எவ்வளவு தூரம் பயணம் செய்துவிட்டது பாருங்கள்.

இவ்வளவும் கேட்டபின், அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் இவ்வாறு மறுப்பார் என்பதை அறிவேன்: 'ஐயா, பதினேழு வயதுப் பிள்ளைக்கு எரன்ஃபெஸ்டும் வேண்டாம், மும்மடியும் வேண்டாம். பத்துக் கேள்வியில் ஒன்பதுக்கு இந்த வாசகம் சரியான விடை தருகிறது. அது போதும்.' இம்மறுப்பை நான் எளிதாகத் தள்ளவில்லை. நினைவில் நிற்கும் வாசகத்துக்கு வகுப்பறையில் ஒரு மதிப்பு உண்டு. அளவு கடந்த துல்லியம் சில வேளை பிள்ளையை ஓட்டிவிடும். ஆனால் ஒன்பதுக்குச் சரியாகும் வாசகம் பத்தாவதில் ஏன் தவறுகிறது என்று அந்த வாசகத்தைக்கொண்டே கண்டுபிடிக்க இயலாது என்பதுதான் இங்கு இடர். விகிதத்தை மாறிலியோடு ஒப்பிடும் முறை பத்துக்கும் பொருந்துகிறது. பெருக்கலும் வகுத்தலும் அன்றி வேறு கணிதம் எதுவும் கேட்பதில்லை. மேலே நான் செய்த கணக்கை எந்தப் பதினேழு வயதுப் பிள்ளையும் ஒரு தாளில் செய்துவிடும்.

சரி, நீர் எழுதுவதானால் எப்படி எழுதுவீர் என்று கேட்பீர்கள். குறைகூறியவன் அதற்கும் கடமைப்பட்டவன். என் வரைவு இது: 'சமநிலையில் உள்ள கலவையின் செறிவுகளைக் கலைத்தால், அவற்றின் விகிதம் மீண்டும் சமநிலை மாறிலிக்கு ஒப்பாகும் வரையில் வினை ஏதேனும் ஒரு திசையில் நடக்கும், விகிதம் மாறிலியினும் குறைந்திருந்தால் முன்னோக்கியும், மிகுந்திருந்தால் பின்னோக்கியும் நடக்கும். வெப்பநிலையை மாற்றினால் மாறிலியே மாறும். உயரும் வெப்பநிலையில் வெப்பம் கொள்ளும் வினையின் மாறிலி உயரும், வெப்பம் உமிழும் வினையின் மாறிலி தாழும்.'

இதிலும் குறை உண்டு என்பதை அறிவேன். நீளம் அதிகம், பழைய வாசகத்தின் ஓசை இதில் இல்லை, மாறிலியை முன்னரே கற்பித்திருந்தாலன்றி இது விளங்காது. பல நூல்களில் மாறிலி பின்னாலும் லெ ஷாதெலியே முன்னாலும் வருவதால் பாட வரிசையையே மாற்றவேண்டியிருக்கும். 'கலைத்தால்' என்பதைவிட நல்ல சொல் தமிழாசிரியர் எவரிடமேனும் இருந்தால் இவ்விதழுக்கு எழுதி அனுப்பலாம். 'குலைத்தால்' என்று முதலில் எழுதினேன். அது அழிவைக் குறிப்பதுபோல் பட்டதால் அடித்துவிட்டேன்.